கடை மூடும் நேரத்தில் வரும் அழைப்பு

பள்ளியில் ஒரு மாணவியின் அம்மா அவளுடைய போனை என் மேசையில் சாட்சியம் போல வைத்தார். "நீங்களே பாருங்க மேடம். தெனமும் ராத்திரி பத்து மணிக்கு ஒரே நம்பர். ரெண்டு மணி நேரம், ரெண்டரை மணி நேரம். பிளஸ் ஒன் படிக்கிற புள்ளைக்கு அப்படி என்னங்க பேச்சு?" பக்கத்து நாற்காலியில் மகள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டேன். "நாங்க பேசவே மாட்டோம் மிஸ்" என்றாள். நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், அவளே விளக்கினாள். டாஸ்மாக் கடை பத்து மணிக்கு மூடும். பத்தேகாலுக்கு அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட். வீட்டில் இவளும் நாலாவது படிக்கிற தம்பியும் மட்டும். பத்து மணிக்கு அவள் காதலிக்கும் பையன் கூப்பிட்டு "வந்துட்டாரா?" என்று கேட்பான். இவள் போனை அப்படியே தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள். அப்பா கத்தி, தட்டை வீசி, ஓய்ந்து தூங்கும்வரை அவன் லைனில் இருப்பான். "ஏதாச்சும் ஆச்சுன்னா வந்துருவேன்னு சொல்லிருக்கான் மிஸ்." அவனுக்கு 17 வயது. இருப்பது ஒரு சைக்கிள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் எட்டு கிலோமீட்டர்.

(இரண்டு மூன்று பிள்ளைகளின் கதையைக் கலந்து, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். தெரிந்த பிள்ளை மாதிரி இருந்தால், அப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

பள்ளிப் பிள்ளைகளின் காதல் என்று ஒரு விவகாரம் வந்தால் நான் முதலில் விசாரிப்பது வீட்டைப் பற்றி. பெற்றோர் விசாரிப்பது வேறு. "பையன் எந்த ஆளுங்களாம்?" என்பதுதான் அநேகமாக முதல் கேள்வி. சாதி தெரிந்த பிறகுதான் அவன் வயது என்ன என்றே கேட்கிறார்கள்.

காதல் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும், அது வயதின் வேலை. அது முறிந்தால் நிம்மதியான வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் அழும், மாடல் எக்ஸாம் வந்தால் பாதி மறந்துபோகும். வீடு சரியில்லாத பிள்ளைக்கு அப்படி இல்லை. அந்த ஒரு ஆள்தான் அம்மா, அப்பா, டாக்டர், வாட்ச்மேன் எல்லாமே. 17 வயதுப் பையன் இத்தனை வேலையை எப்படிப் பார்ப்பான்?

அவன் கதையையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது படிக்கும்போது அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். அப்பா லாரியில். வளர்த்தது பாட்டி. சனி, ஞாயிறுகளில் தண்ணீர் கேன் போடுகிறான். காலையில் சாப்பிடாமல் வருவான் என்பதால் இவள் தன் டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி கூடுதலாக வைத்துக்கொண்டு போவாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் இவள் போனில் சார்ஜ் தீர்ந்து அழைப்பு எடுக்க முடியாமல் போனபோது, அவன் கையைக் காயப்படுத்திக்கொண்டு படம் எடுத்து அனுப்பினான். கூடவே ஒரு வரி: "நீ எடுக்கலன்னா நான் எதுக்கு இருக்கணும்." அதை அவள் என்னிடம் பெருமையாகத்தான் காட்டினாள். "எம்மேல அவ்ளோ பாசம் மிஸ்." அன்றிலிருந்து குளிக்கப் போனால்கூடப் போனை ஜன்னலில் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறாள்.

எனக்கு மணி அடித்த இடம் அதுதான். பாஸ்வேர்டு கேட்பது, தோழிகளோடு பேசாதே என்பது, அந்தரங்கப் படம் அனுப்பச் சொல்வது, "செத்துருவேன்" என்பது, இதெல்லாம் பாசத்தில் சேர்த்தி இல்லை. செத்துவிடுவேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைத் தாங்குவது இன்னொரு பிள்ளையின் பொறுப்பும் இல்லை. அன்றே ஒரு பெரியவருக்குத் தெரிந்தாக வேண்டும். மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், இதே மாதிரி ஒரு பெண் நம்பிச் சொன்னதை அன்று மாலையே வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கடமை என்று நினைத்தேன். மறுநாள் அவள் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, வேறு மாவட்டத்தில் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று வகுப்புத் தோழி சொன்னாள். அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ரொம்ப நாள் பள்ளி பீரோவிலேயே இருந்தது. பெண்ணுக்கு 18 ஆவதற்குள் திருமணம் செய்துவைப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காதலைத் தடுக்கிறோம் என்று பெற்றோர் செய்கிற முதல் காரியமே பல இடங்களில் அதுதான்.

சட்டம் பற்றிப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். 18 வயதுக்குக் கீழ் "நானும் சம்மதிச்சுத்தான்" என்பது செல்லாது. உடல்ரீதியான உறவு என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வந்துவிடும். பையனும் 18-க்குள் என்றால் இளைஞர் நீதிக் குழுமம், தாண்டிவிட்டால் சிறப்பு நீதிமன்றம். அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த யாரும் தகவல் சொல்லியாக வேண்டும், நான் உட்பட. அதனால் எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்பதை இப்போதெல்லாம் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். வளரிளம் பருவக் காதலர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறையும் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் சம்மதத்துக்கான வயதைக் குறைக்க வேண்டாம் என்பதே 2023-இல் சட்ட ஆணையத்தின் பரிந்துரை. இன்றுவரை 18 தான்.

அப்புறம், அந்த 'பையன்' 25, 30 வயது ஆள் என்றால் இவ்வளவு யோசனை வேண்டாம். வீட்டில் அன்பு கிடைக்காத பிள்ளையைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098.

சரி, இந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் என்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் அவளிடமே சொல்லி, அவள் சரி என்ற பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். "அடிக்கவெல்லாம் மாட்டாருங்க மேடம், சத்தம் மட்டும்தான்" என்றார் அம்மா. தலையணைக்கு அடியில் போன் எதற்கு என்று மகளே சொன்னாள். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. போனைத் திரும்ப எடுத்துத் தன் பைக்குள் போடப் போனவர், நிறுத்தி, மகள் கையில் கொடுத்தார்.

பகல் ஷிப்ட் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை பக்கத்து வீட்டு அக்கா பத்து மணிக்கு வந்து கூடப் படுத்துக்கொண்டார். அப்பா அரசு மருத்துவமனைக் குடிபோதை மறுவாழ்வு வார்டுக்கு இரண்டு தடவை போனார், மூன்றாவது தடவை போகவில்லை. இராத்திரி அழைப்புகள் தானாகவே குறைந்தன. இப்போது பிசிக்ஸ் நோட்டு கேட்டு மெசேஜ் வருகிறதாம்.

பெண்ணுக்காக அம்மா வந்தார், டீச்சர் வந்தார், பக்கத்து வீட்டு அக்கா வந்தார். பையனுக்காக யாரும் வரவில்லை. அவன் கைக்காயத்துக்கு மருத்துவரிடம் நான்தான் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் கேன் போட்டு முடித்துவிட்டு, ஈரச் சட்டையோடு வந்து என் அறையில் அரை மணி நேரம் உட்காருகிறான். அதிகம் பேசுவதில்லை. போன வாரம் பாட்டியும் கூட வந்தார். "காலைல சாப்பிடச் சொல்லுங்கம்மா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்றார்.