உச்சி வெயிலும் உப்புக்கொத்தியின் முட்டையும்

அடையாறு முகத்துவாரத்திலோ கோவளம் உப்பங்கழி ஓரத்திலோ, காய்ந்த சேற்றில் ஒரு சின்னப் பறவை விறுவிறுவென ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்துக் கொத்தினால் அது உப்புக்கொத்தி. அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவுவது உள்ளான். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை. கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கும்.

கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் மார்பில் முழுக் கறுப்புப் பட்டையும் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. வளையம் இல்லாமல், பட்டை இரு பக்கமும் திட்டாக நின்றுவிட்டால் கெண்டிஷ் அல்லது அனுமான் உப்புக்கொத்தி. அனுமான் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முட்டையிடுவது. 2023இல்தான் அதைக் கெண்டிஷிலிருந்து தனி இனமாகப் பிரித்தார்கள். குளிர்காலத்தில் இரண்டும் கலந்து மேயும். தெரியாவிட்டால் 'இரண்டில் ஒன்று' என்று குறித்துக்கொள்வதே நேர்மை. இளம் பட்டாணிக்கும் பட்டை அரைகுறைதான். பறக்கும்போது சிறகில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பட்டாணி இல்லை.

சிக்கல் கோடையில். கூடு என்று எதுவும் கிடையாது. மணலில் கையளவு பள்ளம், கொஞ்சம் கிளிஞ்சல் துண்டு, மூன்று நான்கு மண்நிற முட்டைகள். ஏப்ரல் நண்பகலில் மணல் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது பறவை உட்கார்வது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. நடுநடுவே தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமரும். படம் எடுக்க ஒருவர் அரை மணி நேரம் பக்கத்தில் நின்றாலே போதும், முட்டை உள்ளுக்குள் வெந்துவிடும். மிதிக்கக்கூட வேண்டாம்.

பறவை சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால் முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். பின்னால் போகாதீர்கள், தேடவும் வேண்டாம். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடங்கள். மற்ற இடத்தில் கால் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத முட்டையை மிதித்துவிடலாம். ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பறவை திரும்பி அமராவிட்டால் இன்னும் தள்ளிப் போங்கள். அடையாளத்துக்குக் குச்சி நடுவது, கல் அடுக்குவது எல்லாம் காக்கைக்கு வழி காட்டுகிற வேலை. நாயை அவிழ்த்துவிடுவது அதைவிட மோசம். இடத்தைத் துல்லியமாக இணையத்தில் போடாதீர்கள்.

வெறும் மணலைப் பார்த்தால் சவுக்கு நடத் தோன்றும். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் நிறையவே நட்டார்கள். இந்தப் பறவைக்கு வேண்டியது மரமில்லாத திறந்த மணல். மரத்தில் காக்கைதான் உட்காரும்.

குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே நடந்து, தானே இரை கொத்தும். ஆளைக் கண்டால் மணலோடு ஒட்டிப் படுத்து அசையாமல் கிடக்கும். அது அநாதைக் குஞ்சு இல்லை, தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தாயோ தந்தையோ அங்கேதான் எங்கோ நின்று, நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.