2-ஏபிபி: ஒரே மருந்து, இரண்டு குணம்

செல்லுக்குள் கால்சியம் நுழைவதை ஆராய ஆய்வகங்கள் பயன்படுத்தும் வேதிப்பொருள் 2-ஏபிபி. செல்லுக்கு வெளியே கால்சியம் 1 முதல் 2 மில்லிமோலார்; உள்ளே சைட்டோபிளாசத்தில் சுமார் 100 நானோமோலார்தான் (ஒரு மில்லிமோலார் என்பது பத்து லட்சம் நானோமோலார்). இடையே பத்தாயிரம் மடங்குக்கும் மேலான மேடுபள்ளம். சவ்வில் வழி திறந்தால் போதும், கால்சியம் தானே உள்ளே பாயும்.

அந்த வழியைத் திறப்பது உள்ளேயிருக்கும் வறட்சி. எண்டோபிளாச வலைதான் செல்லின் கால்சியக் கிடங்கு. அது காலியானதும் அதன் சவ்விலுள்ள ஸ்டிம்1 புரதங்கள் திரண்டு வெளிச்சவ்வை நெருங்கி, அங்கே கால்சியத்தை உள்ளே விடும் ஓராய்1 கால்வாயைத் திறக்கின்றன. ஸ்டிம்1இன் இந்த வேலை 2005இல் தெரியவந்தது, ஓராய்1 2006இல். ஓராய்1இல் 91ஆவது அமினோ அமிலம் மட்டும் மாறிப் பிறந்த குழந்தைகளிடம் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் இருந்தும் அவை கிருமியை எதிர்க்கவில்லை.

இந்தக் கால்வாயில் ஆய்வகங்கள் அதிகம் பயன்படுத்தும் மருந்து 2-ஏபிபி. 1 முதல் 5 மைக்ரோமோலாரில் கால்சிய நுழைவைக் கூட்டும். 50ஐ எட்டினால் அடைக்கும். அதே 50இல், உடன்பிறப்பான ஓராய்3ஐ கிடங்கு நிறைந்திருக்கும்போதே திறந்துவிடும்! போதாததற்கு, கிடங்கிலிருந்து கால்சியத்தை வெளியேற்றும் ஐபி3 ஏற்பியையும் தொடும். ஆகவே 2-ஏபிபி போட்டதும் கால்சியம் குறைந்தது என்பதை மட்டும் வைத்து ஓராய்1மேல் பழி போட முடியாது.

கால்சிய நுழைவை அளக்கும் சோதனை முறை எளிது. கால்சியத்தைக் காட்டும் ஒளிரும் சாயமான ஃபூரா-2 ஏஎம்மை 2 மைக்ரோமோலார் அளவில், அறை வெப்பநிலையில் 30 நிமிடம் ஏற்றுங்கள். 37 பாகையில் வைத்தால் சாயம் செல் உறுப்புகளுக்குள்ளும் புகுந்துவிடும். கால்சியமில்லாக் கரைசலில் 1 மைக்ரோமோலார் தாப்சிகார்கின், கிடங்கை நிரப்பும் பம்பை நிறுத்தி, 10 நிமிடத்தில் கிடங்கை வற்ற வைக்கும். அதன்பிறகே சோதிக்கும் மருந்து. கடைசியில் 2 மில்லிமோலார் கால்சியம். 340, 380 நானோமீட்டர் ஒளிகளுக்கான விகிதம் எவ்வளவு ஏறுகிறது என்பதே நுழைவின் அளவு. மருந்தை முன்கூட்டியே ஊற்றினால், கிடங்கிலிருந்து வெளியேறுவது குறைந்ததா, வெளியிலிருந்து வருவது குறைந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும்.

பலர் ஏமாறுவது சவ்வு மின்னழுத்தத்தில். செல் உட்புறத்தின் எதிர்மின் அழுத்தமும் கால்சியத்தை உள்ளே இழுக்கிறது. ஆகவே அதைக் குலைக்கும் எந்தப் பொருளும் கால்வாயைத் தொடாமலே தடுப்பான் வேடம் போடும். மைட்டோகாண்ட்ரிய விஷமான எஃப்சிசிபி அப்படித்தான். பெயர்பெற்ற தடுப்பானான பிடிபி2வும் டிஆர்பிஎம்4 கால்வாயைத் தூண்டி அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்கரைசலில் பொட்டாசியத்தை உயர்த்திச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்: அழுத்தம் ஏற்கெனவே சரிந்திருப்பதால் வேடதாரியின் விளைவு மறைந்துவிடும்.

ஒப்பீட்டுக்கு, ஓராய் கால்வாயை அடைக்கும் உலோக அயனியான கடோலினியம் 5 மைக்ரோமோலார் அளவில் நல்லது. ஆனால் கரைசலில் பாஸ்பேட் இருந்தால் வீழ்படிவாகிவிடும். கால்சியத்தை நீக்கப் போடும் இஜிடிஏ மிச்சமிருந்தால் அதுவே கவ்விக்கொள்ளும். கடோலினியம் வேலை செய்யவில்லையென்றால் முதலில் கரைசலைப் பாருங்கள்.