டோனா இழந்தது எதை?

சமையலறையில் நின்றபடி தோழியிடம் போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறாள் டோனா நோபிள். விடைபெற வந்து நிற்பவரை யாரோ எவரோ என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, மறுபடி போனில் மூழ்கிவிடுகிறாள். அவர்தான் டாக்டர், தொடரின் நாயகன்; அவரோடுதான் நேற்றுவரை காலத்தையும் விண்வெளியையும் சுற்றி வந்தாள். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2008 ஜூலையில் வந்த காட்சி இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

டோனா லண்டனின் சிஸ்விக்கைச் சேர்ந்தவள், கிடைத்த தற்காலிக வேலைகளுக்குப் போய்வருபவள். ‘நான் ஒன்றுமேயில்லை’ என்ற நினைப்பைச் சத்தமான பேச்சால் மூடி வைத்திருப்பாள். அதே டோனாதான் பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில் எரிமலை வெடிக்கும்போது, ‘யாராவது ஒருவரையாவது காப்பாற்றுங்கள்’ என்று அழுது மன்றாடி டாக்டரின் மனதை மாற்றுகிறாள். கடைசியில் டாக்டரின் அறிவு அவள் மூளைக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகிறது. அவள் கெஞ்சக் கெஞ்ச, அவரோடு கழித்த நாட்களின் நினைவை அவர் அழித்துவிடுகிறார்.

நினைவோடு சேர்ந்து, அந்தப் பயணங்களில் அவளுக்கு வந்த பக்குவமும் போய்விடுமா?

மூளை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைப்பதில்லை. யார் வந்தார்கள், என்ன நடந்தது என்ற நிகழ்வு நினைவுகளுக்கு ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி வேண்டும். பயம் போன்ற உணர்ச்சிப் பாடங்கள் பதிவதில் அதை ஒட்டியிருக்கும் அமிக்டலாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். எதுவார் கிளாபரேட் என்ற சுவிஸ் மருத்துவர் 1911இல் எழுதிய சம்பவம் இதைக் காட்டும். அவரிடம் இருந்த ஒரு பெண்ணுக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்காது. ஒருநாள் விரல்களுக்கிடையே குண்டூசியை மறைத்துக்கொண்டு அவர் கை குலுக்கினார். குத்தியதை அந்தப் பெண் மறந்துவிட்டார். ஆனால் அடுத்த முறை அவர் கை நீட்டியதும் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்!

வலி மட்டும்தான் இப்படி என்றில்லை. ஹிப்போகேம்பஸ் பழுதான சிலருக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் சோகமான படத்துண்டுகளைக் காட்டினார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு அது. படத்தில் என்ன பார்த்தோம் என்பது மறந்த பிறகும் துக்கம் அவர்களிடம் தங்கியிருந்தது.

சரி, உணர்ச்சி தங்கும். ‘நான் இப்படிப்பட்டவள்’ என்ற தன்னறிவு? கனடாவில் 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர் ஒருவர், ஆய்வுகளில் கே.சி. என்று குறிக்கப்படுபவர். தன் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட அவரால் நினைவுகூர முடியவில்லை. விபத்துக்குப் பின் அவர் சுபாவமும் மாறியிருந்தது. அந்தப் புதிய சுபாவத்தைப் பற்றி அவர் சொன்னதும் அவருடைய அம்மா சொன்னதும் பெரும்பாலும் பொருந்தின. உளவியலாளர் எண்டெல் டல்விங் இதைப் பதிவு செய்திருக்கிறார். எப்படி மாறினோம் என்ற கதை தெரியாமலே, மாறியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன்னைப் பற்றிய பொது அறிவு, சம்பவங்களைத் தாங்கும் நினைவிலிருந்து தனியாக நிற்கக்கூடியது.

அதனால் டோனாவின் இரக்கம் அழிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் இழந்தது அத்தாட்சியை. ‘நான் ஒன்றுமேயில்லை’ என்று மனம் சொல்லும்போது ‘இல்லை, பொம்பெயியில் என்ன செய்தாய் தெரியுமா’ என்று எதிர்வாதம் பேச ஒரு சாட்சி வேண்டுமே, அதுதான் போய்விட்டது. டாக்டர் கிளம்பும் முன் அவளுடைய அம்மா சில்வியாவிடம், உங்கள் மகள் எவ்வளவு முக்கியமானவள் என்பதை எப்போதாவது அவளிடமே சொல்லுங்கள் என்கிறார். அவள் மூளை வைத்துக்கொள்ள முடியாததை இன்னொருவர் வாயில் வைத்துவிட்டுப் போகிறார்.

அப்புறம் 2023இல் டோனா திரும்பி வந்தாள். அவளுக்கு லாட்டரியில் பெரும் பணம் விழுந்திருந்தது. அவ்வளவையும் பிறருக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.