நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளாது, டிராயிங்கை நீங்கள்தான் பார்க்க வேண்டும்

ஆர்டர் வந்து, அட்வான்ஸ் வங்கியில் ஏறி, சரக்கைப் பெட்டியில் அடைத்து ஆணியும் அடித்த பிறகுதான் என்னைப் போன்ற ஏற்றுமதி ஆலோசகரின் நினைவு வருகிறது. இந்த மாதம் வந்தவர் சி.என்.சி. பட்டறை வைத்திருப்பவர். மெல்லிய சுவர் கொண்ட எஃகு உருளை, ஒரு முனையில் மரை, மறு முனை கூம்பு. பார்த்தால் பீரங்கிக் குண்டின் கூடு போலவும் இருந்தது, ஆர்டரில் ‘பம்ப் பாகம்’ என்று இருந்தது. எந்தப் பம்ப் என்று கேட்டேன், தெரியவில்லை. வாங்குகிற வர்த்தகர் அதை யாருக்கு விற்கிறார்? அதுவும் தெரியவில்லை. “அண்ணா, சண்டை நடக்கிற நாட்டுக்குப் போகிற சரக்கு என்றால் நாடாளுமன்றத்தில் பார்த்துத்தானே விடுவார்கள்? எம்.பி.க்கள் சும்மா இருப்பார்களா?” என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

2018 பட்ஜெட்டில் அறிவித்து 2019 ஜனவரியில் தொடங்கிவைத்த, ராணுவத் தளவாடத் தொழில்களை வளர்ப்பதற்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் இடம்பெற்றது. அதிலிருந்து எங்கள் சேலத்தில் கருப்பூர் முதல் சீலநாயக்கன்பட்டி வரை ‘டிஃபென்ஸ்’ ஆர்டர் மீது ஓர் ஆசை. தவறே இல்லை. 2024-25இல் நாட்டின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். சேலத்துக்கும் பங்கு வரட்டும். ஆனால் ஒவ்வொரு சரக்குக்கும் மேலே எங்கோ ஒரு சபை கூடி, வாக்கெடுத்து, முத்திரை குத்துகிறது என்று நம்பிக்கொண்டு தொழில் செய்யாதீர்கள். அப்படி எந்தச் சபையும் கூடுவதில்லை.

பொறுமையாகவே சொல்கிறேன். 1992ஆம் ஆண்டின் அந்நிய வர்த்தகச் சட்டத்தை நிறைவேற்றியது நாடாளுமன்றம். எதையெல்லாம் அனுமதியின்றி அனுப்பக் கூடாது என்கிற ‘ஸ்கோமெட்’ பட்டியலை வெளியிடுவதும் திருத்துவதும் அரசு. அதன் ஆறாம் பிரிவில் உள்ள ராணுவத் தளவாடங்களுக்கு உரிமம் தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. மற்றவற்றில் பெரும்பாலானவை அந்நிய வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி. வழியாகப் போகும். கோப்பு மேசை மேசையாக நகரும். அந்த மேசைகளில் எதிலும் எம்.பி. உட்கார்ந்திருப்பதில்லை.

கேள்வி நேரம் இருக்கிறதே என்பீர்கள். மக்களவையில் ஒரு கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்குள் உங்கள் கன்டெய்னர் கடலில் இருக்கும். கேட்டாலும், ‘நாடுகளின் பெயரை வெளியிட இயலாது’ என்று பதில் வருவது புதிதல்ல. 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. துறைகள் கேட்கும் நிதியை, அதாவது மானியக் கோரிக்கைகளை, அலசி நல்ல அறிக்கைகள் தருகின்றன. ஆனால் அவற்றை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. தணிக்கை அதிகாரியும் பொதுக்கணக்குக் குழுவும் வருவது பணம் செலவான பிறகு.

இன்னும் நம்பிக்கை இல்லையென்றால் 1987ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதிப்படை உடனே இலங்கையில் இறங்கியது. முன்கூட்டி வாக்கெடுப்பு எதுவும் இல்லை. நம் அரசியலமைப்புச் சட்டம் அப்படி ஒன்றைக் கோரவும் இல்லை. ஏறக்குறைய 1,200 வீரர்கள் திரும்பி வரவில்லை. வியட்நாமுக்கு 10 கோடி டாலர் பாதுகாப்புக் கடன் கொடுத்து 12 ரோந்துப் படகுகள் கட்டினோமே, அவற்றில் ஐந்து நம் காட்டுப்பள்ளியிலேயே உருவானவை. அதுவும் அரசு எடுத்த முடிவுதான். படையை அனுப்பவே கை தூக்கத் தேவையில்லாத நாட்டில் உங்கள் உருளைக்கு யார் கை தூக்கப் போகிறார்கள்?

நீதிமன்றமாவது தடுக்காதா என்பது அடுத்த கேள்வி. இஸ்ரேலுக்கு ராணுவத் தளவாடம் அனுப்பும் இந்திய நிறுவனங்களின் உரிமங்களை ரத்து செய்யக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் பொறுப்பு, நாங்கள் அதில் இறங்க முடியாது என்றது.

இந்தத் தவறான நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இரவுச் செய்தியில் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் காட்டுகிறார்கள். 2024 ஏப்ரலில் உக்ரைனுக்குச் சுமார் 6,100 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா பல மாத இழுபறிக்குப் பிறகு நிறைவேறியதை எல்லோரும் பார்த்தோம். உடனே எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேயே இப்படி இல்லை, ஐயா! அரசுப் பணத்திலிருந்து கொடுக்கும் உதவிக்குத்தான் அந்த ஒதுக்கீட்டு வாக்கு. ஆயுத விற்பனை என்றால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும்போது மட்டும் அதிபர் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பொதுவாக 30 நாள் அவகாசம், நெருங்கிய கூட்டாளி நாடுகளுக்கு 15 நாள். தொகை அதற்குக் கீழே இருந்தால் சபைக்கு அந்த அறிவிப்பே போகாது. 2019இல் சவுதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் ஆயுதம் விற்பதை ‘அவசரநிலை’ என்று சொல்லி அந்த அவகாசத்தையே அதிபர் தாண்டிப் போனார். இரு அவைகளும் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அவர் வீட்டோ செய்தார், அதை முறியடிக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. இந்த வழியில் ஓர் ஆயுத விற்பனையைக்கூட அந்தச் சபை இதுவரை தடுத்து நிறுத்தியதில்லை.

அங்கே உண்மையில் தடுத்து நிறுத்திய சட்டம் வேறு வகை. 1985இல் வந்த பிரெஸ்லர் திருத்தம், பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று அதிபர் ஆண்டுதோறும் எழுத்தில் சான்றளித்தால்தான் உதவி என்றது. 1990 அக்டோபரில் அதிபர் சான்றளிக்கவில்லை. உதவி நின்றது, பாகிஸ்தான் பணம் கட்டியிருந்த எஃப்-16 விமானங்களும் போகவில்லை. அந்தச் சட்டம் ஒருவரைப் பெயர் போட்டுக் கையெழுத்திடச் சொன்னது. உங்கள் ஏற்றுமதிக் காகிதத்திலும் அப்படி ஒரு கையெழுத்து இருக்கிறது. அது உங்களுடையது.

ஆகவே தயவுசெய்து, விலை சொல்வதற்கு முன்பே பொருளின் பயன் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ‘அது உங்களுக்கு எதற்கு’ என்று வாங்குபவர் எரிச்சல்பட்டால், அந்த ஆர்டர் உங்களுக்கு வேண்டாம். கடைசிப் பயனரின் கையெழுத்தோடு சான்று வாங்குங்கள்; நடுவில் நிற்கும் வர்த்தகர் எழுதிக் கொடுப்பது போதாது. ‘நான் முழுதாகச் செய்யவில்லை, வார்ப்பு மட்டும்தான்’ என்று ஒரு கூட்டம் சொல்கிறது. ராணுவப் பொருளுக்கென்றே வடிவமைத்ததாக இருந்தால் முடிக்காத வார்ப்பும் பட்டியலில் வரும். வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். அதைத் தொழில்நுட்பம் என்று சட்டம் பார்க்கும். சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் எல்லோரும் போடுகிறார்களே என்று ‘இயந்திர உதிரி பாகம்’ எனப் போடாதீர்கள். மீறினால் சரக்கு மதிப்பில் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம், ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணே போகலாம். எண் போனால் பம்ப் பாகம்கூட அனுப்ப முடியாது. காகிதங்களை ஐந்து ஆண்டுகளாவது வைத்திருங்கள், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

எம்.பி.யைக் கேள்வி கேட்க வைக்க வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். உரிம விவரங்களை நாடு வாரியாக நிலைக்குழுவின் முன் வைக்கச் சொல்லுங்கள் என்று மனு எழுதினால் நானும் கையெழுத்திடுகிறேன். அது நாட்டுக்காகச் செய்வது. உங்கள் சரக்குக்காக நீங்கள் செய்ய வேண்டியது, டிராயிங்கை ஆர்டர் எடுக்கும் முன் கொண்டு வருவது. சனிக்கிழமை மதியம் வரை அலுவலகத்தில் இருப்பேன்.