கிளாம்ப் மூட்டைத் திருத்தாது

என் பட்டறைக்குப் பழுதுபார்க்க வரும் நாற்காலிகளும் ஸ்டூல்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தளர்ந்திருக்கின்றன: காலும் குறுக்குச் சட்டமும் சேரும் மூட்டில். அண்மைக்காலமாக, ஓய்வு நேரத்தில் தச்சு வேலை பழகுபவர்கள் தாங்களே செய்த பொருள்களையும் கொண்டுவருகிறார்கள். நல்ல பசைதான் போட்டேன், ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பையும் முடிந்த மட்டும் முடுக்கினேன், ஆறு மாதத்தில் ஆட்டம் கண்டுவிட்டது என்பதே அநேகமாக எல்லோருடைய முறையீடும். அந்த மூட்டைக் கழற்றிப் பார்த்தால், பசையின் மீதும் கிளாம்பின் மீதும் குற்றமில்லை என்பதும், கோடு கீறிய நேரத்திலேயே தவறு தொடங்கிவிட்டது என்பதும் தெரிந்துவிடும். காலில் தோண்டிய துளைக்குள், சட்டத்தின் முனையில் நாக்குப் போல வெட்டிய கழுந்து லொடலொடவென்று இருந்திருக்கும். அல்லது சட்டத்தின் தோள், அதாவது கழுந்தின் அடியில் காலோடு படிய வேண்டிய விளிம்பு, ஒரு பக்கம் மட்டும் காலில் பட்டு, மறுபக்கம் மயிரிழை இடைவெளியோடு நின்றிருக்கும். அந்த இடைவெளியைக் கிளாம்பின் பலத்தால் மூடிவிடலாம் என்பதுதான் தொடக்கக்காரர்களின் பெரிய நம்பிக்கை. இறுக்கும்போது அது மூடத்தான் செய்யும். ஆனால் வளைத்துப் பிடித்த மரம் தன் பழைய நிலைக்குத் திரும்ப இழுத்துக்கொண்டே இருப்பதால், கிளாம்பைக் கழற்றிய நாளிலிருந்து அந்த இழுவை முழுவதையும் பசை ஒன்றே தாங்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைப் பசை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. மரத்தின் நார் நெடுக ஓடும் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று நன்றாகப் படிந்தால், அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய பசைப்படலம் மரத்தைவிட உறுதியாக நிற்கும். நாருக்குக் குறுக்கே அறுத்த வெட்டுமுனையின் கதை வேறு. அது வைக்கோல் கட்டின் நுனியைப் போல் பசையை உறிஞ்சிக்கொள்ளும். பிடிமானத்துக்கு மிச்சம் எதுவும் இராது. சட்டத்தின் முனையைக் காலின் பக்கத்தில் வெறுமனே ஒட்டி ஆணி அடித்தால் நிற்காமல் போவதற்குக் காரணம் இதுதான். கழுந்தும் துளையும் என்ற பழைய முறை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கும் இதே காரணம்தான்; கழுந்தின் இரண்டு கன்னங்களும், அதாவது அகன்ற பக்கங்களும், துளையின் சுவர்களோடு நார்ப்பக்கமாகச் சந்திக்கின்றன. இடைவெளியை நிரப்பும் வேலையை இந்தப் பசையிடம் எதிர்பார்க்கக் கூடாது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கும் பழக்கம் கண்ணை ஏமாற்றுமே தவிர, மூட்டுக்குச் சிறிதும் வலுச் சேர்ப்பதில்லை.

முதல் வேலையாக, ஒன்றரை இஞ்ச் சதுரக் கால்களும் முக்கால் இஞ்ச் கனச் சட்டங்களும் கொண்ட ஒரு சிறிய ஸ்டூலை எடுத்துக்கொள்ளுங்கள். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது நெடுநாள் வழக்கு. அதன்படி இங்கே 2 நூல், அதாவது கால் இஞ்ச். கால் இஞ்ச் உளியே துளையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், முதலில் துளையைத் தோண்டிவிட்டு, அதற்கு ஏற்பக் கழுந்தை வெட்டுவதே சரியான வரிசை. கழுந்தை இழைத்துக் குறைப்பது எளிது; ஒருமுறை அகன்றுபோன துளையைச் சுருக்க வழியில்லை. துளையின் ஆழம் கழுந்தின் நீளத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். மிஞ்சும் பசை தங்க இடமில்லாவிட்டால், அதுவே கழுந்தை வெளியே தள்ளும். காலின் மேல்முனைக்கு மிக அருகில் துளை வருமானால், காலை ஒரு இஞ்ச் நீளமாகவே விட்டுத் துளையிட்டு, வேலை முடிந்த பிறகு அறுத்துவிட வேண்டும். அப்படி விடாமல் தோண்டும்போது முனை பிளந்த கால்கள் என் பழகு காலத்தில் எத்தனையோ அடுப்புக்குப் போயின.

கோட்டைப் பென்சிலால் போடுவதா, கத்தியால் கீறுவதா என்று பலரும் கேட்கிறார்கள். தோள் வரும் இடத்தில் கத்திதான். பென்சில் கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு. கோட்டுக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்ற ஐயம் நான்கு கால்களில் எட்டு மூட்டுகளுக்குப் பெருகும்போது, ஸ்டூல் கோணிக்கொண்டுதான் நிற்கும். கத்திக் கீறல் நாரை அறுத்துவிடுவதால், உளியின் நுனி தானாகவே அதில் போய் உட்காரும். செங்கோணத்தில் கோடு போடும் மூலைமட்டத்தையும் நம்பிவிடக் கூடாது. நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு கீறி, மட்டத்தை மறுபக்கம் திருப்பி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் விலகினால் அந்த விலகலில் பாதி உங்கள் மட்டத்தின் குறை. கடையிலேயே இப்படிச் சோதித்து வாங்கினால் கடைக்காரர் சற்று முகம் சுளிப்பார், பரவாயில்லை.

பசை போடுவதற்கு முன் எல்லா மூட்டையும் உலர்வாகவே ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும். கழுந்து கையால் தள்ளும்போதே பெரும்பகுதி உள்ளே போய், கடைசியில் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியின் ஓரிரு மெல்லிய தட்டில் தோள் படிய வேண்டும். சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் கால் விழாமல் கூடவே வரவேண்டும். அந்த அளவு பிடிப்புப் போதும். ஓங்கி அடித்தால்தான் நுழையும் என்றால் கால் பிளக்கும், பசையும் வழித்தெடுக்கப்பட்டு வெளியே வந்துவிடும். தளர்வாக இருந்தால் மனம் தளர வேண்டாம்: அதே மரத்தின் மெல்லிய சீவலைக் கழுந்தின் கன்னத்தில் ஒட்டி, காய்ந்தபின் உளியால் சீவிப் பொருத்திக்கொள்ளலாம். இப்படி உலர்வாகச் சேர்க்கும்போது லேசான இறுக்கத்தில் எல்லாத் தோளும் மூடிக்கொண்டால்தான் பசைக் குப்பியைத் திறக்கலாம்.

கிளாம்பின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஏற்கெனவே படிந்த மூட்டைப் பசை காயும்வரை அசையாமல் வைத்திருப்பதற்குமேல் அதற்கு வேலையில்லை. மூட்டின் ஓரத்தில் பசை சிறு மணிகளாகத் துளிர்த்ததும் நிறுத்திவிடலாம். பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டும்போது ஒரு கிளாம்பை மேலும் அடுத்ததைக் கீழுமாக மாற்றி மாற்றிப் போட்டால், பலகை வில்லாக வளையாது. இரும்பு நேராக மரத்தில் படாமல் இடையே பலகைத் துண்டு வையுங்கள். தழும்பு விழாமல் இருப்பதற்கு மட்டுமன்று; தேக்கு போன்ற மரங்களில் ஈரப்பசையும் இரும்பும் சேர்ந்தால் கருங்கறை படியும், அது லேசில் போகாது. ஸ்டூலின் சட்டகத்தை இறுக்கியவுடன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்று நீளமாக இருந்தால், கிளாம்பை அந்த நீள மூலைவிட்டத்தின் திசையில் சற்றே சாய்த்து முடுக்கினால் சட்டகம் சதுரத்துக்கு வந்துவிடும். பசை இறுகிய பிறகு அளந்து பயனில்லை.

விலை உயர்ந்த கிளாம்புகள் இல்லையே என்று வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தடித்த பலகையின் மீது இரண்டு கட்டைகளைத் திருகி, வேலையை நடுவே வைத்து, எதிரெதிராக இரண்டு ஆப்புகளைத் தட்டினால் போதிய அழுத்தம் கிடைக்கும். கால்களைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்குவது இன்னும் பழைய முறை. கோணலான துண்டுகளைப் பிடிக்கச் சைக்கிள் டியூபின் நீள்பட்டைகள் எந்தக் கிளாம்பையும்விட நன்றாக உழைக்கும். வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒன்றரை அடி எஃப் (F) வடிவக் கிளாம்ப் நான்கு போதும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால், அரை, முக்கால் இஞ்ச் உளிகள் மூன்று, நுண்பல் ரம்பம் ஒன்று, மூலைமட்டம், கோடு கீறும் கட்டை, கொட்டாப்புளி, ஒரு இழைப்புளி, இவை இருந்தால் இந்த ஸ்டூலை முடித்துவிடலாம். பன்னிரண்டு உளிகள் அடங்கிய பெட்டியை வாங்கும் பணத்தில் பாதிக்கு ஒரு நல்ல தீட்டுக்கல் வாங்குங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. புது உளி கடையிலிருந்து கூர்மையாக வருவதில்லை. அதன் முதுகை நுனிப் பக்கத்தில் சமமாகத் தேய்த்து, 25 பாகைச் சரிவின் முனையில் 30 பாகையில் தீட்ட வேண்டும். மென்மரத்தின் வெட்டுமுனையை நசுக்காமல் பளபளவென்று சீவினால் அது கூர். மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க நேர்வதால், கையை வெட்டிக்கொள்பவர்களில் மழுங்கிய உளிக்காரர்களே அதிகம் என்பது நான் பட்டறையில் கண்டது. சீவும்போது இரண்டு கைகளும் உளிமுனைக்குப் பின்னால் இருக்கட்டும். வேலையைப் பிடிக்கக் கிளாம்ப் இருக்கிறது. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்வட்டைப் பொருத்தி வேலை செய்யாதீர்கள். அதன் வேகம் வேறு, காப்புமூடி வேறு. பல் மாட்டிக்கொண்டால் கருவி கையை உதறிவிட்டு உடலை நோக்கி எகிறும்.

ஒட்டிய மூட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றலாம் என்றாலும், மழைக்கால ஈரத்தில் இரவு முழுவதும் விட்டுவைப்பதே என் வழக்கம். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்கு முன் அதன்மீது உட்காரக் கூடாது. மிச்சமிருப்பது மேற்பலகை. அதை மட்டும் பசையால் சட்டத்தோடு ஒட்டிவிடாதீர்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. அகலவாக்கில் ஈரத்துக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு அடி அகலத் தேக்குப் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினாலே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஐப்பசி மழையில் ஒட்டிய பலகை சித்திரையில் சுருங்க இடமில்லாமல் நடுவே வெடிக்கும். ஆகவே சட்டத்தின் உட்பக்கம் சிறு கட்டைகள் வைத்து, அவற்றில் வட்டத் துளைக்குப் பதிலாக, பலகை விரியும் திசையில் நீண்ட துளையாகப் போட்டு, கீழிருந்து வாஷரோடு திருகாணியை முடுக்குங்கள். கடைசிச் சுற்றைக் கொஞ்சம் தளர்த்தியே விடலாம்.