‘டெமான்ஸ்ட்ரேட்டிவ்’ என்றால் சுட்டு

போன வாரம் மாலை வகுப்புக்கு வந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளியில் கொடுத்த ஆங்கிலப் பயிற்சித்தாளை என் முன்னால் வைத்தாள். ‘டெமான்ஸ்ட்ரேட்டிவ் ப்ரோநௌன்ஸ்’ என்ற ஆங்கிலத் தலைப்புக்குக் கீழே தமிழில் ‘ஆர்ப்பாட்டப் பிரதிபெயர்கள்’ என்று அச்சாகியிருந்தது. அதற்கடியில் கட்டம் போட்டு திஸ், தட், தீஸ், தோஸ். “மிஸ், ஆர்ப்பாட்டம்னா கொடி பிடிச்சுக்கிட்டுப் போறதுதானே? இங்க யாரு போறாங்க?” என்று கேட்டாள். புரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையோடு கேட்ட கேள்வி அது.

இந்தச் சொல் என் கண்ணில் படுவது இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. கணினி மொழிபெயர்த்துக் கொடுத்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தாலும் போதும், அச்சுக்குப் போயிருக்காது.

‘டெமான்ஸ்ட்ரேட்டிவ்’ என்ற சொல்லின் பிறப்பு எளியது. ‘தேமோன்ஸ்த்ராரே’ என்ற லத்தீன் வினைக்குக் காட்டுதல் என்று பொருள். கிரேக்க இலக்கணக்காரர்கள் ‘தெய்க்திகோஸ்’, அதாவது காட்டுவது, என்று சொன்னதைத்தான் லத்தீன்காரர்கள் இப்படி மாற்றிக்கொண்டார்கள். தெருவில் கூடி எதிர்ப்பைக் காட்டுவதும் ஆய்வகத்தில் செய்து காட்டுவதும் அதே வேரிலிருந்து வந்த வேறு கிளைகள். இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரே வேலை, விரல் நீட்டிக் காட்டுவது.

விரல் நீட்டிக் காட்டுவதற்குத் தமிழில் சொல் தேட வேண்டிய தேவையே இல்லை. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் முதல் இயலான நூன்மரபிலேயே சொல்லிவிடுகிறது. சொல்லதிகாரத்தில் ‘சுட்டுப்பெயர்க் கிளவி’ என்ற பெயரையே எடுத்தாண்டு அதற்கு ஒரு விதியும் வகுக்கிறது. ஒருவனுடைய இயற்பெயரும் அவனைக் குறிக்கும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வருமானால் சுட்டுப்பெயரை முன்னால் சொல்லக் கூடாது, இயற்பெயருக்குப் பின்னால்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. ‘சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறு கொடு’ என்பதே முறை. செய்யுளில் மாறி வரலாம் என்று அடுத்த நூற்பா விலக்கும் கொடுக்கிறது. இன்று மொழியியல் வகுப்புகளில் பெரிதாகப் பேசப்படும் ஒரு செய்தி இது. இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்து வைத்த பெயரை விட்டுவிட்டு நமக்கு ஆர்ப்பாட்டம் எதற்கு?

ஆர்ப்பாட்டமாவது பார்த்தவுடன் பிழை என்று தெரிந்துவிடும். எனக்கு அதிகக் கவலை தருவது, நன்றாகப் படித்தவர்களே இதற்கு எழுதும் ‘குறிப்புப் பெயர்’, ‘குறிப்புப் பெயரடை’ என்ற சொற்கள்தான். பார்க்க ஒழுங்காக இருக்கும், காதுக்கும் உறுத்தாது. ஆனால் தமிழ் இலக்கணத்தில் ‘குறிப்பு’ என்ற நாற்காலியில் ஏற்கெனவே வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். குறிப்பு வினைமுற்று, குறிப்புப் பெயரெச்சம் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். அங்கெல்லாம் குறிப்பு என்றால் வெளிப்படையாகச் சொல்லாமல் உணர வைப்பது. ‘அவன் நல்லன்’ என்பதில் காலம் வெளியே தெரியாது, நாம்தான் உய்த்துணர வேண்டும். அதனால் அது குறிப்பு. சுட்டு இதற்கு நேர் எதிர். மேசைமேல் இருப்பதை விரலால் தொட்டு ‘இது’ என்கிறேன். இதில் மறைவாக என்ன இருக்கிறது? ஒரே பிள்ளை தமிழ் வகுப்பில் குறிப்பு என்றால் மறைந்து நிற்பது என்றும், ஆங்கில வகுப்பில் குறிப்பு என்றால் காட்டிக் கொடுப்பது என்றும் படித்தால் இரண்டுமே மனத்தில் நிற்காது.

இதற்கு எனக்குக் கிடைக்கும் மறுப்பு ஒன்று உண்டு. ‘சுட்டு என்று சொன்னால் பிள்ளைகள் அப்பளம் சுட்டதையும் துப்பாக்கியால் சுட்டதையும்தான் நினைப்பார்கள்’ என்று உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் சொன்னார். சுடுதல் வேறு வினை, சுட்டுதல் வேறு வினை. சுட்டுவிரல் எது என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் விரலைத் தூக்கும். ‘தவறைச் சுட்டிக்காட்டு’ என்று வீட்டில் பேசுகிறோம். இணையத்தில் இணைப்பைச் சுட்டி என்கிறோம். அன்றாடம் புழங்கும் சொல்லைக் கடினம் என்று ஒதுக்கிவிட்டு, யார் வாயிலும் இல்லாததை எளிது என்று கொண்டுவருவது எனக்குப் புரியவே இல்லை.

‘பிரதிபெயர்’ என்பதையும் நான் ஏற்பதில்லை. வடசொல் என்பது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் பொருள் பொருந்தாமை. பெயருக்குப் பதிலாக வருவது என்றல்லவா அதன் விளக்கம்? என்னவென்றே தெரியாத ஒரு பொருளைக் கையில் எடுத்து ‘இது என்ன?’ என்று கேட்கிறேன். அதன் பெயர் தெரியாததால்தானே கேட்கிறேன்! எந்தப் பெயருக்குப் பதிலாக வந்தது இந்த ‘இது’? எதற்கும் பதிலாக வரவில்லை, பொருளை நேராகத் தொட்டு நிற்கிறது. சுட்டுப்பெயர் என்ற பெயர் இந்த உண்மையைத் தனக்குள் வைத்திருக்கிறது.

பெயருக்கு முன்னால் ஒட்டி வருவதை, அதாவது ‘திஸ் புக்’ என்பதில் வரும் திஸ்ஸை, ‘சுட்டுப் பெயரடை’ என்று சொல்லலாம். ‘சுட்டு உரிச்சொல்’ வேண்டாம். உரிச்சொல் என்பது சால, உறு, தவ, நனி என்று வேறொரு குடும்பம்.

பெயர் சரியாக இருந்தால் பாடமும் சரியாக நடக்கும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அந்தப் பெண்ணின் தாளில் ‘திஸ் புக்ஸ்’, ‘தட் பாய்ஸ்’ என்று வரிசையாகத் தவறு. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். கவனக்குறைவு இல்லை, அவளுடைய தமிழ்தான் அங்கே வேலை செய்கிறது. ஒரு புத்தகத்தை எடுத்து வைத்து “இந்தப் புத்தகம்” என்றேன். நான்கை அடுக்கி வைத்தேன், “இந்தப் புத்தகங்கள்” என்றாள். “இந்த மாறுச்சா?” “இல்ல மிஸ்.” பிறகு பெயரை எடுத்துவிட்டு, எழுத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒன்றுக்கு ‘இது’, நான்குக்கு ‘இவை’. அங்கே மாறுகிறது. தமிழில் சுட்டுப்பெயர் எண்ணுக்கு ஏற்ப மாறும், ‘இந்த’ மாறாது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் மாற வேண்டும், ஆனால் இரண்டு இடத்திலும் அதே சொல்தான். இதைச் சொன்ன பிறகு மீதியை அவளே அடித்துத் திருத்தினாள்.

அதே தாளில் ‘திஸ் ஈஸ் மை ஃபாதர்’ என்பதற்கு ‘இது என் அப்பா’ என்று எழுதியிருந்தாள். புகைப்படத்தைக் காட்டிப் பேசும்போது நாமும் அப்படித்தான் சொல்கிறோம். எழுதும்போது ‘இவர்’ என்று வர வேண்டும். ஆங்கிலத்தின் ஒரு திஸ்ஸுக்குள் இவன், இவள், இவர், இது நான்கும் அடங்கியிருப்பதை இந்த இடத்தில்தான் சொல்லித்தர முடியும்.

தொல்காப்பிய நூற்பா சொன்ன மூன்றாவது எழுத்தான ‘உ’வையும் நான் வகுப்பில் விடுவதில்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் உது, உவன், உந்த, உங்கை என்று உயிரோடு இருக்கிறது. கேட்பவர் பக்கத்தில் உள்ளதை ‘உது என்ன?’ என்று கேட்பார்கள். லத்தீனின் ‘இஸ்தே’ கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்தது. ஆங்கிலத்திலும் மூன்றாவதாக ஒரு சுட்டு இருந்தது, தொலைவில் உள்ளதைக் காட்டும் ‘யான்’ (yon); அதுவும் ‘யான்டர்’ (yonder) என்பதும் இன்று செய்யுளிலும் வட்டார வழக்கிலும்தான் மிஞ்சியிருக்கின்றன. உகரச் சுட்டை நாம் இழந்தது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் ‘தி’ பழங்காலத்தில் சுட்டாக இருந்து தேய்ந்த சொல். இன்று அதற்குச் சுட்டும் வேலை இல்லை. ஆனால் தமிழில் வரும் கட்டுரைகளிலும் கதைகளிலும் ‘தி’ இருந்த இடமெல்லாம் ‘அந்த’ முளைக்கிறது. அந்தச் சூரியன் உதித்தது, அந்த மக்கள் அந்த அரசை எதிர்த்தார்கள். அந்தச் சூரியன் என்றால் வேறொரு சூரியனும் இருக்கிறதா என்று தமிழ் படித்தவர் நின்றுவிடுவார். ஏனென்றால் நமக்கு ‘அந்த’ இன்னும் சுட்டுகிறது, கையை நீட்டுகிறது. ‘சூரியன் உதித்தது’ என்று எழுதினாலே போதும்.

பயிற்சித்தாளின் தலைப்பை அடித்துவிட்டு ‘சுட்டுப்பெயர்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “இது எங்க தமிழ்ப் புக்லயே இருக்கே மிஸ்” என்றாள்.