சும்மா கிடக்கும்போதுதான் ஸ்லிப் கிளட்ச் கெடுகிறது

போன புரட்டாசியில் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை என் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். கியர் பாக்ஸைத் திறந்தால் பல் மூன்று உடைந்து, ஆயிலோடு சில்லுசில்லாக வருகிறது. சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டுத் தூரைத் தோண்டாமல் விட்ட வயலாம். கத்தி தூரில் மாட்டியிருக்கிறது.

"ஸ்லிப் கிளட்ச் இருக்குன்னுதானே கூடக் காசு குடுத்து வாங்குனேன், அப்புறம் எப்படிண்ணே பல்லு போச்சு?" என்றார்.

நியாயமான கேள்வி. கிளட்சைக் கழற்றினேன். போல்ட், ஸ்பிரிங் எல்லாம் எடுத்த பிறகும் தட்டுகள் பிரியவில்லை. உளி வைத்துத் தட்டியதும்தான் 'டப்'பென்று விட்டது. உள்ளே செக்கச்செவேலென்று துரு.

டிராக்டரின் பின்னாலிருந்து கருவியைச் சுற்றவைக்கும் தண்டான பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றும்போது கத்தி கல்லிலோ தூரிலோ மாட்டி நின்றால், டிராக்டரின் வேகம் முழுக்கக் கியர் பாக்ஸில் இறங்காமல் ஸ்லிப் கிளட்சுக்குள் இருக்கும் பிரிக்‌ஷன் பிளேட் வழுக்கிக் கொடுக்க வேண்டும். துருவேறி ஒட்டிவிட்டால் எங்கே வழுக்கும்? தொழி உழவை முடித்துச் சேற்றோடு நிறுத்தினால், பெரியாறு வாய்க்காலில் அடுத்த தண்ணீர் வருவதற்குள் ஒட்டிக்கொள்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் சீசனுக்கு முன்னால் ஒரு தடவை வழுக்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு எவ்வளவு முறுக்குவது என்று தெரியாது. எல்லா நட்டையும் ஒரே அளவாக இரண்டு சுற்றுத் தளர்த்தி, தட்டுகளின் விளிம்பில் குறுக்காகச் சாக்பீஸ் கோடு போடுங்கள். கத்தியை இறுகிய மண்ணில் இறக்கி, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடி பி.டி.ஓ.வை இரண்டு மூன்று விநாடி மட்டும் போட்டு எடுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் வழுக்கியிருக்கிறது. நட்டுகளைப் பழைய அளவுக்கே முறுக்கிவிடலாம். கோடு நேராகவே நின்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். துருவை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுத்து, தேய்ந்த பிளேட்டை மாற்றிப் பூட்டுங்கள்.

பிளேட்டில் கிரீஸ் மட்டும் படக்கூடாது. ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கும் கையோடு இதற்கும் ஒரு அடி அடித்துவிடுகிற ஆள் இருக்கிறார்கள். அப்புறம் சும்மா சும்மா வழுக்கும், கருகல் வாடை வரும். வழுக்குகிறதே என்று ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று முட்டும் வரை நட்டை முறுக்குவது அடுத்த கூத்து; ஸ்லிப் கிளட்சே இல்லாத வண்டிதான் அது. சரியான நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் எங்கே என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள்.

இன்னொன்று, பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பிய்த்துப் போடாதீர்கள். வேட்டி நுனியோ துண்டோ சுற்றும் ஷாஃப்ட்டில் சிக்கினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது.

அந்தத் தம்பியின் ரோட்டவேட்டரில், மேல்தகட்டின் உள்பக்கம் ஸ்பிரிங் அளவை வெள்ளைப் பெயின்டில் எழுதிக் கொடுத்தேன். இந்த ஆடியில் போன் வந்தது: "அண்ணே, கோடு ரெண்டு விரக்கடை விலகிருச்சு. முறுக்கிரவா?"